புகைக்கூடுள்ள மனையும் புகைக்கூடில்லா மனையும்

மனையைக் கண்டு மக்களை அறியலாம் என்பது நம் முன்னோர்க்குப் புதிய செய்தியன்று. நெடுநல்வாடை பாடிய நக்கீரர், அரசியின் அரண்மனையைக் காட்ட வரும்போது கட்டி முடிந்த மாளிகையை மட்டும் காட்டி அமைந்தாரல்லர். இரு கோல்களை நட்டு, அவற்றின் நிழலால் திசையறிந்து, கயிறிட்டு அளந்து, மனை வகுத்த சிற்பநூல் வல்லாரை முதலிற் காட்டுகின்றார். வாயிலும் முற்றமும் கட்டிலும் அதன் பின்னரே வருகின்றன. கட்டியவனை மறவாது கட்டடத்தைச் சொல்லும் முறை அது. நமது மலைநாட்டிலே நூறாண்டு கடந்து நிற்கும் தோட்டத்துப் பங்களாக்களைப் பற்றி எழுதப்படுவனவற்றை வாசிக்குந்தோறும் அந்தப் பழம் புலவரின் முறை என் நினைவுக்கு வருகின்றது. இங்கே மனை பேசப்படுகின்றது, துரை பேசப்படுகின்றார், கயிறு பிடித்தவனும் கல் சுமந்தவளும் பேசப்படுவதில்லை.

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் செல்லும் சாலையில் பயணஞ் செய்வோர், ஒரு பக்கத்திலே காசல்ரீ நீர்த்தேக்கத்தையும் மறுபக்கத்திலே படிப்படியாக உயரும் தேயிலை மலைகளையும் காண்பர். அம்மலைகளின் தோள்களிலே, சைப்பிரஸ் மரங்களின் மறைவில், சிவப்பு அல்லது பச்சை வர்ணம் பூசிய கூரைகள் ஆங்காங்கே தலைகாட்டும். அவையே பங்களாக்கள். கீழே சரிவிலும் பள்ளத்திலும் நீளநீளமாக ஒட்டிக் கிடப்பவை லயங்கள். மேலேயுள்ளதற்கு வரலாறு உண்டென்றும் கீழேயுள்ளதற்கு அது இல்லையென்றும் நாம் எண்ணப் பழகிவிட்டோம். இரண்டும் ஒரே வரலாற்றின் இரு பாதிகள் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

பெயர்கள் வந்த வழி

டிக்கோயாப் பகுதித் தோட்டங்களின் பெயர்களைக் கேட்டாலே ஸ்கொத்லாந்தின் தேசப்படமொன்று மனக்கண் முன் விரியும். டன்கெல்ட் என்பது டே நதிக்கரையிலுள்ள பழைய தேவாலய நகரம். ஸ்ட்ராத்ஸ்பே என்பது ஸ்பே நதியின் பள்ளத்தாக்கு. போர்டைஸ் என்பது அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள சிற்றூர். சற்று அப்பாற் சென்றால் அக்கரப்பத்தனையில் பெல்மோரல், தலவாக்கலையில் ஹோலிரூட், நானுஓயாவில் எடின்பரோ. அரசியின் கோடை மாளிகையும் தலைநகரும் அந்நகரத்து அரண்மனையும் இங்கே தேயிலைத் தோட்டங்களாய் அமர்ந்துவிட்டன.

வந்த பெயர்கள் வந்தபடியே நிற்கவில்லை. கிளென்கேர்ன் தொழிலாளரின் நாவிலே கிளங்கன் ஆயிற்று. போர்டைஸ், போடைஸ் ஆயிற்று. 2017ஆம் ஆண்டு மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி டிக்கோயாவில் திறந்து வைத்த மருத்துவமனையைக் கிளங்கன் வைத்தியசாலை என்றே மக்கள் வழங்குகின்றனர். உரிமையாளன் வைத்த பெயரை உழைப்பாளி தன் நாவுக்கேற்பத் திருத்திக் கொண்டான். தோட்டத்திலே அவன் தன் விருப்பப்படி திருத்த முடிந்தவை மிகச் சில. பெயர் அவற்றுள் ஒன்று.

ஸ்கொத்லாந்தர் ஏன் இத்துணைப் பேர் வந்தனர் என்று கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டின் வடகிழக்கு மாவட்டங்களிலே கல்வி பரவியிருந்தது. நிலமோ சிலரின் கையில் இருந்தது. எழுதப் படிக்கவும் நிலத்தைப் பண்படுத்தவும் அறிந்த இளைஞர்க்கு ஊரில் முன்னேற வழி குறைவு. இலங்கையிலோ கோப்பித் தோட்டங்கள் பெருகிக் கொண்டிருந்தன. இவ்வாறு வந்தவர்களில் ஒருவரே, இலங்கைத் தேயிலையின் தந்தை எனப் போற்றப்படும் ஜேம்ஸ் டெயிலர். கின்கார்டின் மாவட்டத்து ஓக்கன்பிளே என்னும் ஊருக்கு அருகில் 1835இல் பிறந்தார். தந்தையார் வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. 1852இல், பதினேழு வயது நிறைவதற்கு முன்பே கப்பலேறி இங்கு வந்தார். மலைநாட்டுத் துரைமாரெல்லாம் பிரபுக் குலத்துப் பிள்ளைகள் என்று கருதுவது தவறு. பலர் சிறு வீடுகளில் பிறந்து இங்கு வந்து பெருவீடு கண்டவர்கள்.

அங்கே இருந்த மனை

அவர்கள் மனத்திலே சுமந்து வந்த பெருவீடு எது? விக்டோரியா அரசியார் ஆட்சி செய்த 1837 முதல் 1901 வரையுள்ள காலத்தில் ஸ்கொத்லாந்திலே வணிகரும் ஆலையுடையாரும் நகரத்துப் புகையையும் நெரிசலையும் விட்டு, புறநகரிலே தோட்டஞ் சூழ்ந்த தனிமனைகளை அமைத்துக் கொண்டனர். வில்லா என வழங்கப்படுவது அதுவே. அதன் சிறந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று, கிளாஸ்கோ நகரின் தென்புறத்தில் உள்ள ஹோம்வுட் மனை. கடதாசி ஆலை அதிபர் ஒருவருக்காக அலெக்சாந்தர் தொம்சன் என்னும் கட்டடக் கலைஞர் 1857, 1858ஆம் ஆண்டுகளில் அமைத்தது. கிரேக்கக் கலையில் அவருக்கிருந்த ஈடுபாட்டினால் ‘கிரேக்கத் தொம்சன்’ என்றே அவரை அழைப்பர்.

இத்தகைய மனைகளின் ஒவ்வோர் உறுப்பும் அந்நாட்டுக் குளிருக்கும் மழைக்கும் சொல்லப்பட்ட மறுமொழி. மழைநீர் வழிந்தோடச் செங்குத்தான கற்பலகைக் கூரை. சாய்ந்து விழும் வடதிசை வெயிலைத் தேடிப் பிடிக்கச் சுவரை விட்டு முன்தள்ளிய யன்னல். குளிர்காற்று உட்புகாதிருக்க வாயிலில் அடுத்தடுத்து இரு கதவுகள். விருந்தினர் அறை, உண்ணும் அறை, நூலகம் ஆகிய ஒவ்வொன்றிலும் கணப்பு. கணப்புக்கு மேலே புகைக்கூடு. கூரைமீது வரிசையாக நிற்கும் புகைக்கூடுகளை எண்ணி உரிமையாளரின் செல்வத்தை மதிப்பிட்டு விடலாம். பணியாளர்க்குப் பின்கட்டில் அறை. அவர்களை அழைக்கக் கம்பியை இழுத்தால் ஒலிக்கும் மணி.

இந்த மனையின் அழகை வியப்போர் அதன் அயலையும் நோக்க வேண்டும். 1861ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஸ்கொத்லாந்து வீடுகளில் 34 வீதமானவை ஒற்றையறை வீடுகள். சமையல், உறக்கம், பிள்ளைப்பேறு, மரணம் யாவும் அந்த ஓர் அறையில்தான். வடமேற்குத் தீவுகளிலோ புகைக்கூடே இல்லாத கல்வீடுகள் இருந்தன. நடுவே எரியும் புல்கரி நெருப்பின் புகை, கூரை வைக்கோலினூடே தானாக வழிதேடிக் கொள்ளும். அவற்றைக் கருமனை என்பர். ஆகவே புகைக்கூடின் அருமையை ஸ்கொத்லாந்தருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. புகைக்கூடுள்ள மனையும் இல்லாத மனையும் என இரண்டையும் அவர்கள் தங்கள் நாட்டிலேயே அறிந்திருந்தனர்.

விறாந்தையே ஆலையான காலம்

இலங்கைக்கு வந்ததும் அவர்கள் எடுத்த எடுப்பில் மாளிகை கட்டிவிடவில்லை. காடு வெட்டிய புதிதில் மரக்குற்றிகளாலும் மண்ணாலும் ஆன குடில்களிலேயே வாழ்ந்தனர். கண்டிக்கு அப்பால் லூல்கந்துரத் தோட்டத்திலே டெயிலர் வாழ்ந்த குடில் மறைந்துவிட்டது. அதன் கல் புகைக்கூடு எஞ்சி நிற்கின்றது. சுவர் போயும் புகைக்கூடு போகவில்லை.

அதே தோட்டத்தில்தான் 1867இல் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். முதற் கொழுந்து கிடைத்தபோது ஆலையென்று ஒன்றும் இருக்கவில்லை. அவருடைய பங்களா விறாந்தையே ஆலையாயிற்று. மேசைகளின்மீது கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையுள்ள கையால் உருட்டினர். பின்னர் கம்பித் தட்டுகளில் இட்டு, கரி நெருப்பு எரியும் மண் அடுப்புகளில் வாட்டினர். உலகம் போற்றும் இலங்கைத் தேயிலை இவ்வாறு ஒரு வீட்டு விறாந்தையில், தொழிலாளரின் முழங்கைகளுக்குக் கீழே பிறந்தது. 1873இல் இலண்டனுக்குச் சென்ற முதற் பொதி 23 இறாத்தல்.

தோட்டத்து வரலாற்றில் துரையும் தொழிலாளியும் ஒரே கூரையின் கீழ் நின்று ஒரே வேலையைக் கவனித்த காலம் அதுவொன்றே என்று எனக்குத் தோன்றுகின்றது. டெயிலர் 1892இல் காலமானபோது, இருபத்துநான்கு பேர், பன்னிருவர் பன்னிருவராக முறைமாறி, அவர் உடலைச் சுமந்து கண்டிவரை நடந்து சென்றனர். அவரைச் ‘சாமித்துரை’ என்று அவர்கள் அழைத்ததாகக் கூறுவர். தேயிலை செழித்தது, ஆலை தனியே எழுந்தது, விறாந்தை மீண்டும் துரையின் ஓய்விடமாயிற்று.

மேலே பங்களா

1869இல் மடுல்சீமைப் பகுதியில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. கோப்பி வீழ்ந்த மலைகளில் தேயிலை எழுந்தது. 1874இல் நாவலப்பிட்டியை எட்டிய புகையிரதம் 1884இல் ஹட்டனுக்கு வந்தது. அதுவரை மாட்டுவண்டியிலும் தலைச்சுமையிலும் ஏறிய இரும்புத் தகரமும் கண்ணாடியும் பின்னர் வண்டிவண்டியாக வந்து இறங்கின. டிக்கோயாச் சூழலின் பங்களாக்கள் பல இதன் பின்னர் எழுந்தவை. பொகவந்தலாவையிலுள்ள தியன்சின் பங்களா 1888இல் கட்டப்பட்டது. அதற்குச் சீன நகரமொன்றின் பெயர். தேயிலையின் தாயகத்துக்குச் செலுத்திய மரியாதை போலும்!

இவற்றின் அமைப்பிலே இரண்டு நாடுகள் கலந்துள்ளன. பங்களா என்ற சொல்லே வங்காளத்துக் குடிசையிலிருந்து பிறந்தது. தரையோடு படிந்த ஒற்றைத்தளம், நாற்புறமோ முன்புறமோ அகன்ற விறாந்தை, தனியே விலகி நின்று கூரையிட்ட நடையால் இணைந்த குசினி ஆகியவை கீழைநாட்டுக் கொடை. முன்தள்ளிய யன்னல், செங்குத்தான முகட்டுச் சுவர், கணப்பு, புகைக்கூடு என்பவை ஸ்கொத்லாந்திலிருந்து வந்தவை. கற்பலகைக் கூரைக்குப் பதிலாக நெளிதகரம் வந்தது. மலையின் தோளை வெட்டிச் சமன் செய்து, முன்னே புற்றரையும் ரோசாப் பாத்தியும் வகுத்தனர். கீழே ஆலையும் மலைகளும் ஒரே நோக்கில் தெரியும்படி இடந்தேர்ந்தனர். அங்கு நின்று பார்த்தால் இயற்கைக் காட்சி தெரியும். யார் எங்கே வேலை செய்கின்றார் என்பதும் தெரியும்.

மலையைச் சமன்படுத்தியோரும் கல்லுடைத்தோரும் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்த தமிழ் மக்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மாத்தளை வந்து மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள். பங்களாக்களின் வரலாற்றில் ஆண்டு உண்டு. உரிமையாளர் பெயர் உண்டு. சுவரெழுப்பிய கொத்தனின் பெயரை எங்கும் நான் கண்டதில்லை.

கீழே லயம்

இனி லயத்துக்கு வருவோம். வரிசை என்று பொருள்படும் ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லே லயம் ஆயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. பங்களாவுக்கு விறாந்தை எப்படியோ லயத்துக்கு இஸ்தோப்பு அப்படி. அங்கே நாற்காலி கிடக்கும். இங்கே விறகும் தண்ணீர்க் குடமும் இருக்கும், விருந்தாளி வந்தால் படுக்கையும் இங்கேதான். அதே நெளிதகரம் இங்கும் கூரை. ஆயின் அங்கே தகரத்தின் கீழ் பலகை வேய்ந்த மச்சுண்டு. இங்கே மழை பெய்தால் பேச்சுக் கேளாது.

வேறுபாடுகளுள் தலையாயது புகைக்கூடு. அண்மையில் டிக்கோயாவுக்கு அருகில், பழைய பங்களா ஒன்றிலே ஆண்டுக்கணக்காக அப்புவாக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரோடு உரையாடிக் கொண்டிருந்தேன்.

“பங்களாவில் எத்தனை அடுப்பு, ஐயா?” என்று கேட்டேன்.

“குசினியில ஒண்ணு, அதைவிட ஆல்ல, சாப்பாட்டு அறையில, படுக்கிற அறையிலயின்னு குளிருக்கு மூணு, மாஸ்டர். சாயங்காலமானா மூணையும் நான்தான் மூட்டுவேன்.”

“உங்கள் காம்பராவில்?”

“ஒண்ணுதான். சமையலுக்கும் அது, குளிருக்கும் அது.”

“புகை?”

“புகையா? அது எங்க போகும் மாஸ்டர், நம்மளோடதான் இருக்கும்.”

அவர் குறைகூறும் குரலில் இதைச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். மாலைதோறும் பிறர் அறையிலே புகை மேலேறிச் செல்லக் கண்டவர், இரவு தம் காம்பராவுக்குத் திரும்பிப் புகையினிடையே உறங்கினார். கட்டடக் கலை நூல்களில் நான் படித்தறியாத ஒன்றை அந்த ஒரு விடையில் அறிந்தேன். குளிர் இருவருக்கும் ஒன்று. நெருப்பும் இருவருக்கும் ஒன்று. புகைக்கூடு மட்டும் ஒருவருக்கு. கூரைவரை சில அடி உயரத்துக்குக் கல்லும் சுண்ணாம்பும் செலவிடுவது பெருஞ் செலவன்று. அதைக் கட்டத் தெரிந்த கைகளோ அந்த லயத்திலேயே இருந்தன.

தம் நாட்டிலே ஒற்றையறை வீட்டின் துயரை அறிந்த சமுதாயத்தினர் இங்கே அதையே ஆயிரக்கணக்கில் வரிசையிட்டுக் கட்டினர். தனி மனிதரின் கொடுமையால் இது விளைந்தது என்று நான் கொள்ளவில்லை. இலாபக் கணக்கிலே தொழிலாளியின் உறைவிடம் ஒரு செலவு. துரையின் உறைவிடம் ஒரு மதிப்பு. செலவு குறைய வேண்டும். மதிப்பு உயர வேண்டும். இந்தக் கணக்கின் இரு விடைகளே பங்களாவும் லயமும்.

இன்று எஞ்சுவன

துரைமார் போய்விட்டனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. டிக்கோயா, பொகவந்தலாவைப் பகுதிகளின் பழைய பங்களாக்கள் சில 2005 முதல் உல்லாச விடுதிகளாக மாறியுள்ளன. உலகின் பல பாகங்களிலிருந்தும் வருவோர் அவ்விறாந்தைகளில் அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர். கட்டடங்கள் பேணப்படுகின்றன, அது நல்லதே. இடிந்து போவதிலும் விருந்தினர்க்குப் பயன்படுவது மேல்.

லயங்களின் நிலை வேறு. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் ஒட்டி வாழ்வதால், ஒரு காம்பராவில் பற்றும் தீ வரிசை முழுவதையும் விழுங்கிவிடுகின்றது. லயம் ஒழிய வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. இந்திய உதவியுடன் மலையகத்தில் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பட்டபடி மேலும் 10,000 வீடுகளும் கொண்ட திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம்; 550 சதுர அடி வீடு. 120 சதுர அடிக் காம்பராவில் தலைமுறைகளைக் கழித்தவர்க்கு இது நான்கரை மடங்கு இடம். ஏழு பேர்ச் என்பது பங்களாவின் புற்றரையளவும் ஆகாது. எனினும் சொந்த நிலம் என்ற சொல்லின் எடை, நிலமில்லாதிருந்தவர்க்கே தெரியும்.

ஆயின் லயம் ஒழியும்போது லயத்தின் வரலாறும் ஒழிந்துவிடக்கூடாது. ஸ்கொத்லாந்து இதில் நமக்கு ஒரு பாடம் சொல்கின்றது. அந்நாட்டினர் ஹோம்வுட் மாளிகையைத் தேசியச் சொத்தாகப் பேணுகின்றனர். அதே கவனத்தோடு, லூயிஸ் தீவில் ஆர்னோல் என்னும் ஊரிலே, 1966 வரை மக்கள் வாழ்ந்த புகைக்கூடில்லாக் கருமனை ஒன்றையும், அதன் நடுநெருப்பு அணையாதபடி, காட்சிக்கு வைத்துள்ளனர். வறுமையில் வாழ்ந்தோம் என்று சொல்வதில் அவர்களுக்கு நாணமில்லை. நம்மிடையேயும் கம்பளைக்கு அருகில், ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், பழைய லயமொன்றே தொழிலாளர் அருங்காட்சியகமாக அமைக்கப்பட்டுள்ளது. மலையகத்து மைந்தரான சி. வி. வேலுப்பிள்ளை 1954இலும் 1970இலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல்களில் லயத்து வாழ்வை உலகுக்குச் சொன்னார். இவை நல்ல தொடக்கங்கள். எனினும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் அதன் பங்களாவைப் பற்றிய செய்தி கிடைக்கும் அளவுக்கு அதன் லயத்தைப் பற்றிய செய்தி கிடைப்பதில்லை.

இக்குறையை நீக்கப் பெரும் நிதியோ பேரறிஞரோ வேண்டியதில்லை. மலையகப் பாடசாலை ஆசிரியர்களும் மாணவர்களும் மனம் வைத்தாற் போதும். இடிபடவுள்ள லயத்துக்குச் சென்று, அளவுநாடாவால் காம்பராவையும் இஸ்தோப்பையும் அளக்கலாம். அடுப்பு எங்கிருந்தது, சுவாமிப் படம் எங்கிருந்தது, கொழுந்துக் கூடை எங்கே தொங்கியது என்று குறிக்கலாம். எந்தக் காம்பராவில் யார் வாழ்ந்தார், அவரது பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தச் சுவரைக் கட்டினார் என்று முதியோரைக் கேட்டு எழுதலாம். தமிழ்ப் பாடத்துக்கு அதைவிட நல்ல கட்டுரைப் பயிற்சி கிடையாது. வரலாற்றுப் பாடத்துக்கு அதைவிட நல்ல மூலநூலும் கிடையாது. முதியோர் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே காலந் தாழ்த்தலாகாது.

வரையும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பங்களாவை ஒரு தாளிலும் லயத்தை மற்றொரு தாளிலும் வரைய வேண்டாம். மலையின் மேலே அது, சரிவிலே இது, இடையே தொழிலாளர் ஏறியிறங்கிய ஒற்றையடிப் பாதை என்று மூன்றையும் ஒரே தாளில், ஒரே அளவுத் திட்டத்தில் வரையட்டும். புகைக்கூடுகளையும் மறவாது குறிக்கட்டும். எங்கே எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் பிள்ளைக்கு மலைநாட்டின் வரலாற்றை வேறொருவர் விளக்க வேண்டியிராது.